வேலி இருந்த இடம்

ரோஸ்மாரி ஸ்பிண்டென் விற்கிறாள்.
செய்தியைக் கொண்டுவந்தவன் பால் வண்டிக்காரன்;
நம்பவைத்தது
அவளுடைய காய்ந்துபோன சாணக்குழி.
மார்கழியில் இடுப்பெலும்பை மாற்றிக்கொண்டாள்,
மாசியில் பதினொரு மாடுகளையும் ஏற்றி அனுப்பினாள்.
மிச்சம் இருந்தது புல்:
எங்கள் தொழுவத்தின் கிழக்குச் சுவரில் தொடங்கி
ஓடைவரை சரிந்து இறங்கும்
மூன்று ஹெக்டேர் இருபது ஆர்.

இரவு மேசையில் அதைப் பரப்பாக்கிப் பார்த்தேன்.
நூற்று இருபத்தாறு பரப்பு, கொஞ்சம் மேலே.
"அது என்ன அளவு?" என்றான் பெயாட்.
எனக்குப் பிடிபடுகிற அளவு என்றேன்.

மாடு அவன் பக்கம், கணக்கு என் பக்கம்,
பதினாறு வருடமாய் இந்த வீட்டில் அப்படித்தான்.
தை பிறக்குமுன் பரணின் தரைப்பலகை தெரிந்துவிடும்.
பிறகு லாரியில் வரும் ஊரான் புல்,
இருபத்து மூன்று வாய்க்கு.
போன வருடத்துப் பில் ஒன்பதாயிரத்து நானூறு பிராங்க்.
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்;
யார் திறந்தாலும்
அது ஒருமுறை ஆடி அடங்கும்.

வங்கிக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.
சொத்து என்ற கட்டத்தில் மாடுகளை எழுதினார்.
பழைய தமிழில் மாடு என்றாலே செல்வம்தான் என்று சொன்னேன்.
"சுவாரசியம்" என்றார்,
தலைக்கு மூவாயிரத்து நூறு என்று போட்டார்.

பேர்னிலிருந்து தம்பி எடுத்தான்:
ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரமா,
இந்தக் காசுக்கு இங்கே அரை ஃப்ளாட் வருமே அக்கா,
போயும் போயும் புல்லையா?
புல்லைத்தான்.
வருடம் மூன்று தரம் எழுந்து நின்று
வாடகை கொடுக்கிற புல்லை.

ஊன்றுகோலோடு ரோஸ்மாரி எங்களை நடத்திக் காட்டினாள்.
நடுவில் ஊற்று, ஈரத்தில் டிராக்டரை இறக்காதே.
கீழ் மூலையில் மாடு வாய்வைக்காத அகல இலைக் களை,
அப்பா காலத்திலிருந்து பிடுங்குகிறோம், நீயும் பிடுங்கு.
மேல் வரப்பில் எலி.
எதையும் மறைக்கவில்லை,
விலையிலும் ஒரு சதம் இறங்கவில்லை.

எல்லைக்கல் அருகே இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.
அவள் அப்பனும் இவன் அப்பனும்
அறுபது சென்டிமீட்டருக்காக
முப்பது வருடம் முகம் பார்க்காத இடம்.
பெயாட் எனக்கு விளக்கத் தொடங்கினான்.
யாழ்ப்பாணத்தாளுக்கு வேலிச் சண்டையை விளக்குகிறான்!
வருடத்துக்கு ஒரு விரற்கடை
கதியால் நடக்கும் என்று
பல் முளைக்குமுன்னே அறிந்தவள் நான்.

ஷ்வார்ட்சென்புர்கில் நோட்டரி
பத்திரம் முழுவதையும் சத்தமாக வாசித்தார், அது சட்டமாம்.
சுகிர்தமலர் நீடர்ஹவுசர் என்பதை
மூன்று இடத்தில் உடைத்து, நான்காவதில் இருமினார்.
நிலம் மட்டும் உடையாமல் வந்தது.
கையெழுத்துப் போட்டுவிட்டு
மூவரும் எதிர்க் கடையில் கோப்பி குடித்தோம்.
அவரவர் காசு அவரவர்.

இப்போது அந்தக் கல்
எங்கள் நிலத்துக்கு நடுவில் நிற்கிறது
எதற்கும் எல்லையில்லாமல்.
பெயாட் பிடுங்கவில்லை. சுற்றி அறுக்கிறான்.

இரண்டாம் அறுப்பு பரணின் கூரைவரை ஏறியது.
புரட்டாதியில் மின்கம்பியைச் சுருட்டி எடுத்து
மாடுகளை அவிழ்த்துவிட்டோம்.
போனவை
கம்பி இருந்த இடத்தில் வரிசையாய் நின்றன.
எதிரே முழங்கால் உயரத்துக்குப் பச்சை.
மூக்கை நீட்டும், காற்றை முகரும், பின்வாங்கும்.
முதல் நாள். இரண்டாம் நாள்.
தள்ளினோம், தவிட்டைக் காட்டினோம்,
பெயாட் தன் பாஷையில் ஏசினான், நான் என் பாஷையில்.

மூன்றாம் நாள் ஜன்னல் திறந்து
ரோஸ்மாரி நொண்டி நொண்டி இறங்கி வந்தாள்,
ஒரு கையில் கோல், மறு கையில் தகர வாளி.
புல்லின் நடுவே நின்று
விற்றுப்போன தன் மாடுகளைக் கூப்பிடும் குரலில்
எங்கள் மாடுகளைக் கூப்பிட்டாள்.
நெல்க்கே முதலில் காதைத் திருப்பியது.
பிறகு கால்.
பிறகு இருபத்திரண்டும்.

"இதற்குத் தனியாய்ப் பில் அனுப்புவேன்" என்றாள்,
சிரித்தாளா என்று தெரியவில்லை.
முதல் தவணை ஐப்பசியில்.
வாளியை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.
ஒன்றுமில்லாத அந்த இடத்தில்
பாவாடையைப் பிடித்து
காலை உயரத் தூக்கி வைத்தேன்.