ஏழாம் துளை

பலகையில் நாற்பது துளைகள்.
ஏழாவது, செயலாளர் குவாங் போலின்.
ஐம்பதாம் ஆண்டில் அவர் பெயர்த்தாளை
நான்தான் பசை தடவி ஒட்டினேன்.
எனக்குப் பத்தொன்பது வயது.
அவர் ஆற்றில் மூங்கில் தெப்பம் தள்ளியவர்,
பிறகு துப்பாக்கி தூக்கி
சிங்ஷி நகருக்குள் நடந்தே வந்தவர்.
பேசுமுன் இருமுறை இருமுவார்.
"சாப்பிட்டாச்சா, தோழர் மியாவ்?" என்பார்.
மேலதிகாரிகள் யாரும்
செருகுகம்பிக்கு முகம் உண்டென்று நினைத்ததில்லை.

ஒருநாள் திடலில் ஒலிபெருக்கி பழுது.
தொலைபேசிக் கம்பி வழியே
ஊர் ஊராய் அவர் குரலைச் செருகிக்கொடுத்தேன்.
நிலம் உங்களுடையது, என்றார்.
யாரோ விசும்பியது கேட்டது.
நானாகவும் இருக்கலாம்.

ஐம்பத்தெட்டின் இலையுதிர்காலம்.
மேலிடம் கேட்டது: விளைச்சல்?
நானூறு ஜின், என்றார்.
மறுமுனை சிரித்தது.
"பக்கத்து மாவட்டத்தில் மூவாயிரம்.
இரவு யோசித்துவிட்டு அழையுங்கள்."
மறுநாள் எண்ணூறு.
அதற்கடுத்த நாள் இரண்டாயிரம்.
பத்தாம் இரவு
பத்தாயிரம் என்றபோது
அவர் இருமவே இல்லை.
எண்களைப் பதிவேட்டில் எழுதினேன்.
என் கையெழுத்து அழகு, எல்லோரும் சொல்வார்கள்.

பத்தாயிரத்துக்கு உரிய பங்கை ஏற்றிக்கொண்டு
லாரிகள் போயின.

அந்தக் குளிரில்
சுண்ணாம்புச்சூளைக் கிராமத்திலிருந்து அழைப்பு வரும்.
கணக்கர் ஷென் யூசாய்.
முதலில் தானியம் கேட்டார்,
பிறகு உமி,
பிறகு குழி தோண்ட ஆள்.
ஏழில் செருகுவேன்.
"கூட்டத்தில் இருக்கிறார் என்று சொல்,"
என்பார் அவரே, தன் குரலிலேயே.
சொல்வேன்.
பிப்ரவரியில் அந்தக் கம்பி ஊமையானது.

அறுபத்தாறில் பிள்ளைகள் வந்தார்கள்,
கையில் சிவப்புத் துணி.
பழைய நாளிதழை மடித்து அவருக்குத் தொப்பி செய்தார்கள்.
நெற்றிக்கு நேரே, தலைகீழாய்,
பத்தாயிரம் என்ற தலைப்பு.
அவர்மேல் முப்பத்தொரு குற்றங்கள்.
பட்டினி அதில் இல்லை.

"ஏழைப் பிடுங்கு," என்றார்கள்.
பெயரைச் சுரண்டினேன். பசை விடவில்லை.
'போ' மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

அன்றிரவு, கம்பி அறுக்கும் ஆள் வருமுன்,
ஏழில் விளக்கு எரிந்தது.
இருமல். இன்னொரு இருமல்.
"சுண்ணாம்புச்சூளை."
அந்தத் தடம் செத்து ஏழு வருஷம், என்றேன்.
"தெரியும். அழைத்துக்கொண்டே இரு."
கைப்பிடியைச் சுற்றினேன்.
மணி அடிக்க அங்கே ஒன்றுமில்லை.
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்,
கை வலிக்கும் வரை.

எழுபத்தொன்பதில் தீர்ப்பைத் திருத்தினார்கள்.
சாம்பல் கிடைக்காததால்
பேழைக்குள் மூக்குக்கண்ணாடி வைத்தார்கள்.
ஷென்னுக்குத் தீர்ப்பே எழுதவில்லை,
திருத்த என்ன இருக்கிறது?

பதிவேட்டை யாரும் கேட்கவில்லை.
அரிசிப்பானைக்கு அடியில் இருக்கிறது.
கையெழுத்து
இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.