இரண்டு மில்லிமீட்டர்

ஓசூர், பத்தலப்பள்ளி, வாடகை அறை.
நைட் ஷிப்ட் முடிந்தும் தூங்கவில்லை.
இந்த வாட்ச்
காலை பத்து மணிக்கெல்லாம் செத்துப்போகிறது.

சார்ஜை இறங்க விட்டு, அணைத்துவிட்டேன்.
முனிரத்னாவின் ஹேர் டிரையர்,
மிதமான சூடு, விரல் தாங்குகிற வரை.
பசை இளகுமுன் இழுத்தால் கண்ணாடி போகும்.
பழைய பஸ் பாஸில் ஒரு மூலையை வெட்டி
மெல்ல நுழைக்கிறேன்,
இரண்டு மில்லிமீட்டர்.
அதற்கு மேல் போனால் ரிப்பன் ஒயர்,
வெங்காயத் தோல் கனம்தான்.

கம்பெனியில் எனக்கு ஒரே வேலை.
மூடியை வைத்து
பதினோரு நொடி அழுத்துவேன்.
ஷிப்டுக்கு எழுநூற்றைம்பது.
உள்ளே என்னவென்று பார்த்ததில்லை,
லைன் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சிக்.
திறந்துகொண்டது.
சுற்றிலும் பசை ஒரே சீர்,
ஓரிடத்தில் மட்டும் கோணல்.
எந்த ஊரிலோ, ஷிப்டின் கடைசி மணியில்
யாருக்கோ கண் சொக்கியிருக்கிறது.
எனக்குக் கோபம் வரவில்லை.

பழைய பேட்டரியை
குத்தாமல், வளைக்காமல் எடுத்து
மணல் போட்ட டப்பாவில் வைத்தேன்.
புதுசு பொருத்தி, பசை தடவி அழுத்தினேன்.
கேட்காமலே கை பதினொன்று எண்ணியது.

எரிகிறது.
ஜன்னலோரம் இருந்த செந்தூரா மாம்பழத்தில்
கட்டிப் பார்த்தேன்.
நாடித்துடிப்பு அறுபத்தெட்டு.
"உன்னைவிட நிதானமா இருக்குடி" என்கிறாள் முனிரத்னா,
போர்வைக்குள்ளிருந்து.

கம்பெனியில் நான் ஒட்டினால்
ஐம்பது மீட்டர் ஆழம் தாங்குமாம்.
வீட்டில் நான் ஒட்டியதை
கை கழுவக்கூட
கழற்றி வைக்க வேண்டும்.