கிழக்குக் கரை, ஆகஸ்ட்

மே கடைசியில் மடை திறந்து குளத்தை வடித்தோம்.
தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய இரவு
சேற்றுச் சிங்கிகள் கரையேறின.
தனக்குத் தனக்கென்று வளை தோண்டி,
எடுத்த மண்ணை உருட்டி
வாசலில் புகைக்கூண்டு கட்டி,
உள்ளிருந்தே வாயை அடைத்துக்கொண்டன.
கிழக்குக் கரையில் மட்டும்
நூற்றுப் பதினேழு எண்ணினேன்.

அதன்பின் மழை இல்லை.
மெர்மென்டோ ஆற்றில் உப்பேறி வருகிறதென்று
க்ளோவிஸ் ட்ரஹான் பம்பை நிறுத்திவிட்டான்.
கரை வெடித்தது. வெடிப்பில்
டிரக் சாவி விழுந்து, கம்பி விட்டு எடுத்தேன்.

வங்கியிலிருந்து ஓவைட் வந்தான்,
சேறு காணாத பூட்ஸோடு.
"இந்த வருஷம் எவ்வளவு தேறும், ஒஸித்?"
நெல் என்றால் கதிரைக் கசக்கிச் சொல்லலாம்.
இது மண்ணுக்குள் கிடக்கும் கணக்கு.
மண்வெட்டியை எடுத்தேன்.

முதல் வளை, முழங்கை ஆழம் வரை கல்.
அடியில் அவள்;
தொட்டால் நொறுங்கும் ஓடு.
உள்ளே கருத்து முற்றிய முட்டைகள்
வெளியே வர ஒரு கை ஈரமில்லாமல்
கடுகாகக் காய்ந்திருந்தன.

இரண்டாவது காலி.

மூன்றாவது, தாழ்ந்த மூலையில்,
மாட்டுத் தொட்டிக் குழாய் கசியும் இடம்.
நாலு வருஷமாக நான் சரிசெய்யாத கசிவு.
மண்வெட்டி மெத்தென்று இறங்கியது.
டார்ச் அடித்தேன்:
ஒரு கோப்பைக் கலங்கல்,
அதில் பாதி உடம்பு நனைய அவள்.
மடக்கிய வாலுக்கடியில்
பசையிட்டு ஒட்டினாற்போல் முட்டைகள், நானூறு இருக்கும்.
துடுப்புக் கால்களால் விசிறிக்கொண்டே
என் முகத்துக்கு நேரே கொடுக்கைத் தூக்கினாள்.

"மூன்றுக்கு ஒன்று" என்று எழுதிக்கொண்டான் ஓவைட்.
நான் வாய் திறக்கவில்லை.
அவள் கதவை உடைத்தது நான்.
நாளை மதியத்துக்குள் வெயில்
அந்தக் கோப்பையைக் குடித்துவிடும்.

அவன் தண்ணீர் போத்தலைக் கேட்டு வாங்கி
மண் குழைத்து மூடினேன்.
விரல் தடம் பதிந்த கோணல் மூடி.
தடிமன் எவ்வளவு என்று தெரியவில்லை.
மெலிந்தால் ஈரம் போகும்.
இறுகினால், மழை வந்து இளக்காவிட்டால்,
பொரித்த குஞ்சுகளைப் பசியில் அவளே தின்பாள்.
கொஞ்சம் சுரண்டினேன். மறுபடி அப்பினேன்.
ஓவைட் கடிகாரம் பார்த்தான்.

அவன் கார்ப் புழுதி அடங்கியதும்
டிரக்கிலிருந்து ஸ்பேனரை எடுத்து
தொட்டிக் குழாயின் இணைப்பை
இன்னும் அரைச் சுற்று தளர்த்திவிட்டு
சாப்பிடப் போனேன்.