குளிக்கவும்.

ஞாயிறு காலை பத்தரைக்கு உள்ளூர் கேபிளில்
நகைக்கடை விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவே
பன்னிரண்டு நிமிடம் எங்களுக்கு.

முற்றுப்புள்ளி, ஜபருல்லா. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்.
கறுப்பு ஜிப்பா மாட்டி நடுவில் உட்கார்ந்தாரென்றால்
வாக்கியம் அதற்குமேல் நகராது.
காற்புள்ளிக்கு வைரக்கண்ணு. இறால் மாதிரி வளைவான்.
வியப்புக்குறிக்கு ஆளே வேண்டியிருக்கவில்லை,
ஒரு மூங்கில், கீழே ஒரு கால்பந்து.
ஆனாலும் சம்பளம் கேட்டான் மூங்கிலைப் பிடித்தவன்.

எழுதுவது நான், ஜெராக்ஸ் கடையில்
மனு தட்டச்சு செய்கிற நேரம் போக.
ஆள் குறைந்ததால் அரைப்புள்ளியும் நானே.
உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு
எட்டு வாரம் நின்றேன்.
ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை.
என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று
எழுதிய எனக்கே தெரியவில்லை.

முதல் வாரத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரே வரி:
மாமா எருமை வந்துவிட்டது
வைரக்கண்ணு வரத் தாமதம்
(நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது, நிஜமாகவே).
அதற்குள் மாமாவுக்குக் கொம்பு வைத்து,
கழுத்தில் மணி கட்டி, புண்ணாக்கும் கரைத்துவிட்டார்கள்.
அவன் மூச்சிரைக்க ஓடிவந்து
மாமாவுக்குப் பக்கத்தில் வளைந்த பிறகுதான்
மாமா மாமாவானார், எருமை எருமையாயிற்று.
திங்கட்கிழமை பள்ளி வேன்களில்
அந்தக் காற்புள்ளியை வேண்டுமென்றே விட்டுவிட்டுத்தான்
எல்லோரும் எல்லோரையும் கூப்பிட்டார்களாம்.

பிறகு அந்தப் போர்டு.
வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற தலைப்பில்
பொதுப்பணித் துறை எழுதி வைத்தது:
இங்கு குளிக்கவும் மீன் பிடிக்கவும் கூடாது
(இங்குவுக்குப் பின் ஒரு க் வேண்டும். அது வேறு நிகழ்ச்சி.)
யாரோ தாரைத் தொட்டு இரண்டு புள்ளி வைத்துவிட்டார்கள்,
நாங்கள் சொன்ன அளவில், நல்ல உருண்டையாக.

இங்கு குளிக்கவும்.
மீன் பிடிக்கவும்.
அப்புறம் யாரையோ கோபித்துக்கொண்ட மாதிரி தனியே,
கூடாது

உதவிப் பொறியாளர் கேபிள் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.
அவர் பையன் வரைந்தனுப்பிய இறாலைப்
போன வாரம்தான் திரையில் காட்டியிருந்தோம்.
அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.
"இத்தோடு நிகழ்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைங்க" என்றார்.
எல்லோரும் ஜபருல்லாவைப் பார்த்தோம்.
"நான் வரமாட்டேன்" என்றார் அவர்,
"வேணும்னா போர்டுலேர்ந்து எறங்கிக்கிறேன்."

சாயங்காலம் பெட்ரோலும் பழைய பனியனுமாகப் போனோம்.
நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.
தன்னைத் தானே தேய்த்து அழிக்கிற மனிதரை
அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.
முதல் புள்ளி போயிற்று.
இரண்டாவது கரைந்து, வால் முளைத்து வழிந்தது.
"வைரக்கண்ணு வந்துட்டான்" என்றார், துடைக்காமல்.

அப்போது மதகுக்குக் கீழேயிருந்து ஒரு குரல்:
"அரைப்புள்ளி அக்கா! எலுமிச்சம்பழம் எங்கே?"

எட்டு வாரத்தில் முதல் ஆள்.
"ஏறுடா மேலே, போர்டைப் படிக்கலையா?"
"படிச்சுட்டுதான் எறங்குனேன்!"

கரையேறவும் இல்லை, முங்கவும் இல்லை.
மண்நிறத் தண்ணீருக்கு மேலே
உருண்டையாக ஒரு தலை;
கீழே, வளைந்து அலைகிற உடம்பு