அரைப் பங்கு

குப்பியின் மேல் பெயர் இல்லை,
நாற்பத்தொன்று என்ற எண் மட்டும்.
சியூ வென் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
மூன்று இரும்பணு, சுற்றிலும் கார்பன் மோனாக்சைடு;
கறுப்பென்று நினைத்தால் ஓரத்தில் பச்சை.
எறும்பின் கண்ணளவு துண்டொன்றை
எண்ணெய் தொட்ட இழைநுனியில் ஒட்டி
எக்ஸ் கதிருக்கு முன் நிறுத்திவிட்டு
மிண்டன் மழையில் பஸ் பிடித்தேன்.

காலையில், மூன்று இருக்கவேண்டிய இடத்தில் ஆறு.
நிமிர்ந்த முக்கோணம், அதன்மேல் கவிழ்ந்த முக்கோணம்.
தண்ணீர்மலையான் சக்கரமேதான்;
ச ர வ ண ப வ என்று
முனைக்கொன்றாய் எழுதிவிடலாம்.

அப்படி ஒரு மூலக்கூறு கிடையாது.
சில அறைகளில் நிமிர்ந்து, சிலவற்றில் கவிழ்ந்து
கோடிகோடி அறைகள்.
எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக்
கதிர் ஒரு சராசரியை நீட்டுகிறது.
ஆறு முனைக்கும் தட்டினேன்:
அரைப் பங்கு, அரைப் பங்கு, அரைப் பங்கு.

சுங்கை டுவா, ஒன்பதாம் மாடி.
புவனேந்திரனுக்கு பாயான் லெப்பாஸில் இரவு சிப்ட்.
அவன் இறங்கும் லிஃப்டில் நான் ஏறுவேன்.
கட்டில் ஒன்று, தலையணை ஒன்று.
அவன் அதைச் சன்னல் பக்கம் போடுவான்,
நான் கதவுப் பக்கம் மாற்றுவேன்.
விசிறியில் கேமரா கட்டி ஒரு வருடப் படங்களை அடுக்கினால்
எங்களுக்கும் ஒரு சக்கரம் விழும்.

புரண்டுகொண்டே இருக்கிறதா,
ஆளுக்கொரு திசையில் உறைந்துவிட்டதா?
ஒரு படம் அதைச் சொல்லாது.
குளிர்வித்துப் பார்க்கவேண்டும்.

முதல் துண்டை அவசரத்தில் கொன்றேன்.
சத்தமே இல்லை;
திரையில் புள்ளிகள் இரண்டாய், நாலாய்ப் பிளந்தன,
அவ்வளவுதான்.
அடுத்ததற்கு நிமிடத்துக்கு அரை டிகிரி.
மூன்று தடவை கோப்பி ஓ.
பூஜ்யத்துக்குக் கீழே அறுபத்து மூன்றில்
இருவரிசைப் புள்ளிகளுக்கு நடுவே, வெறும் இருட்டில்,
இளைத்த புதுப்புள்ளிகள்.
அறை இரட்டித்துவிட்டது.
ஒன்று நிமிர்ந்தால் பக்கத்தது கவிழ்கிறது;
அரை என்று எழுத இனி எங்கும் இடமில்லை.

அந்த வாரம்தான் அவன் லைனை மூடினார்கள்.
மூன்று இரவு, ஒரே கட்டிலில் இரண்டு பேர்.
முதல் இரவு அவன் முழங்கை என் நெற்றியில்.
விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்தவன் கேட்டான்,
"நீ இந்தப் பக்கமா தலை வச்சுப் படுப்பே?"
கல்யாணமாகி நாலு வருடம்.
மறுநாள் பசாரில் பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு
இன்னொரு தலையணை வாங்கினோம்.
அவன் கால் என் தோளருகே,
என் கால் அவன் தோளருகே.
தூக்கம் வந்தது.

நாற்பத்தொன்றைச் சூடேற்றினேன்.
திரும்பி வருகிறது;
ஆனால் போன வழியில் அல்ல.
அறுபத்து மூன்று கடந்தும் பிடிவாதமாய் நின்று
ஐம்பத்து ஏழில்தான் கலைகிறது.
அந்த ஆறு டிகிரி ஏனென்று
சியூ வென்னுக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை சிப்ட் தொடங்கியது.
வியாழன் வரை
கட்டிலின் இரு முனையிலும் தலையணை கிடந்தது.