பதினேழாவது ஷரத்து

கோர்ட் என்றால் வருஷக்கணக்கு,
அப்பீல் லண்டன் வரை இழுக்கும் என்றார் வக்கீல்.
நடுவர் என்றால் அடுத்த காவடிக்குள் தீர்ப்பு;
மூடிய அறை, பேச்சு வெளியே கசியாது.
ஜன்னலுக்குக் கீழே போர்ட் லூயி துறைமுகம்.

அங்கேதான் திறந்தோம் அந்தக் கன்டெய்னரை.
இருபது டன் கொண்டைக்கடலை
இருட்டிலேயே வேர்விட்டிருந்தது.
“ஏற்றும்போது சுக்காய்க் காய்ந்திருந்தது”
என்றார் சினாப்பன், இமைகூட ஆடாமல்.

பணம் மட்டும் என்றால் அந்த அறை போதும்.
எனக்கு, அந்தப் பொய்யை அவர்
கூண்டேறி, சத்தியம் செய்து,
பின்பெஞ்சில் எவனோ கொட்டாவி விட,
இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.

பிறகுதான் வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டினார்:
தகராறு எதுவானாலும் நடுவரிடமே.
கீழே என் கையெழுத்து,
அவர் மகள் கல்யாணத்தில்
ஏழு கறி இலையோரம்
படிக்காமல் போட்டது.
முதல் எழுத்தின் மேல்
பூசணிக் கறி
இன்னும் மஞ்சளாய்.