மார்பளவு முப்பத்திரண்டு

நாரிச்சில் மழை.
அருங்காட்சியகத்தின் பின்னறை மேசையில்
மல்லாந்து கிடக்கிறது
நானூறு வருஷத்து மேற்சட்டை ஒன்று.
கைகள் எப்போதோ கழன்றுவிட்டன.
மார்பு மட்டும் இன்னும் இறங்கவில்லை.

ஹெஸ்டர் தர்க்கெட்டில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பூதக்கண்ணாடியை இழுத்துக்கொள்கிறாள்.
இடது விலாவில் தையல் விட்டிருக்கிறது.
இடுக்கியால் ஒரு நூலைத் தூக்கும்போது
வலிக்கிறதா என்று கேட்டும் விடுகிறாள்,
நல்லவேளை, அறையில் யாரும் இல்லை.

இதற்குள் அடைப்பதற்குத்தான் ஒரு காலத்தில்
பொம்பாஸ்ட் என்று பெயர்.
பஞ்சு. வேறொன்றுமில்லை.
தோளுக்குக் கொஞ்சம், தொந்திக்குக் கொஞ்சம்.
சபைக்குள் ஆள் நுழையும் முன்னால்
அவன் சட்டை நுழைந்துவிட வேண்டும்.
பிறகு எவனோ ஒருவன்
நீட்டி முழக்கிய பேச்சொன்றைக் கேட்டுச் சலித்து
'அத்தனையும் பஞ்சு' என்று முனகியிருப்பான்.
அன்றைக்கே சொல்
சட்டையைக் காலிசெய்து
வாய்க்குள் குடியேறிவிட்டது.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் வேடிக்கை.
பஞ்சுக்கு அந்தப் பெயர் சொந்தமே இல்லை.
கிரேக்கர் வாயில் அது பட்டுப்புழு.
யாரோ ஒரு வியாபாரி, யாரோ ஒரு கணக்கன்,
இரண்டும் மெத்தென்றுதானே இருக்கிறது என்று
புழுவின் பெயரைப் பஞ்சின் பேரில் எழுதிவிட்டார்கள்.
இரவல் பட்டில் ஊர்வலம் வந்தது
பகட்டுக்குப் பெயரானதில் என்ன அதிசயம்.
நம் இலவ மரத்துக்கும்
தாவர நூல்காரர்கள் வைத்திருப்பது
அதே வம்சத்துப் பெயர்தான், பொம்பாக்ஸ்.
கிளிக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஹெஸ்டருக்கு இலவும் தெரியாது, கிளியும் தெரியாது.
தையல் தெரியும்.
நூல் விலகுகிறது.
உள்ளே

தவிடு.
தவிடும் குதிரைமயிரும் கந்தலும்,
எலி ஒன்று குடித்தனம் நடத்திய பள்ளமும்.
நடுவே நாலாக மடித்துத் திணித்த தாள்:
'அம்ப்ரோஸ் லார்வுட், கம்பளி வணிகர்.
நல்ல பஞ்சுக்கு மூன்று ஷில்லிங்.'
பகட்டுக்குள்ளேயே கலப்படம்!
வாய்விட்டுச் சிரிக்கிறாள்.
தவிடு பறக்காமலிருக்க
சிரிப்பைத் தோள்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

அடைப்பை நீக்கி அளந்தால்
முப்பத்திரண்டு அங்குலம்.
பள்ளிக்கூடத்துப் பையனின் மார்பு.
மாடிக்கூடத்து ஓவியத்திலோ
பீப்பாய் மாதிரி நிற்கிறார் மனிதர்.

தொலைபேசி.
கவுன்சிலர் க்ளைவ் லார்வுட்.
வெள்ளிக்கிழமை திறப்பு விழா அவர் கையில்.
'மார்பு கொஞ்சம் எடுப்பாகத் தெரியட்டும், அம்மா.
தேவைப்பட்டால் இன்னும் அடைக்கலாமே.'
பார்க்கிறேன் என்கிறாள்.

பார்க்கவும் செய்கிறாள்.
இடது மார்புக்கு மேல்துணியில்
விரல்நகம் அகலத்தில் ஒரு கீறல்.
நாள்பட்ட கிழிசல் இல்லை, குத்துவாள் போன வழி.
துணியைக் கடந்து, கந்தலைக் கடந்து
தவிட்டில் புதைந்து
அங்கேயே களைத்துப் போயிருக்கிறது.
உள் துணியில் ஓட்டை இல்லை.
வியர்வைக் கறை மட்டும்,
ஒரு சின்ன மனிதன் மிகவும் பயந்த அளவுக்கு.

குறிப்பட்டையில் எழுதுகிறாள்:
மார்பளவு முப்பத்திரண்டு.
அடைப்பு: தவிடு, மயிர், கந்தல்.
'பலன் தந்தது' என்று சேர்த்து,
இது அலுவலகக் குறிப்பு என்று நினைவு வர
அடித்துவிடுகிறாள்.
சிந்திய தவிடு முழுவதையும்
எண்ணிட்ட பையில் போடுகிறாள்.

வெள்ளிக்கிழமை.
ஒலிபெருக்கி முன் கவுன்சிலர்
முப்பாட்டனாரை ஓக் மரம் என்கிறார்,
கோட்டை என்கிறார், கலங்கரை விளக்கம் என்கிறார்.
தாளைப் பிடித்த விரல்கள் நடுங்குவது
பின்வரிசையிலிருந்தே தெரிகிறது.
நேர்முகத் தேர்வுக்கென்று வாங்கிய,
தோளில் நுரை வைத்துத் தைத்த கோட்டோடு
ஹெஸ்டர் கைதட்டுகிறாள்,
மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம்.